வெற்றிலை பாக்கு வைத்துக் கொன்றவர்

கோவில்பட்டியில் அதிகம் பேரைக் கொன்ற மனிதர் யார் என்று தெரிந்துகொள்ள போலீஸ் ஸ்டேஷனுக்குப் போக வேண்டியதில்லை. பஸ் ஸ்டாண்டில் இறங்கி, முதலில் கண்ணில் படுகிற ஆளிடம், "கொலைகார அண்ணாச்சி வீடு எங்கன இருக்கு?" என்று கேளுங்கள். "நேராப் போயி, தீப்பெட்டி ஆபீஸத் தாண்டி, சோத்துக்கை பக்கம் திரும்புங்க. வேப்பமரம் நிக்கும். அவிய வீட்லதான் இருப்பாவ" என்று பதறாமல் வழி சொல்வார்கள். வழி சொல்கிற ஆளே ஒரு காலத்தில் அவர் கையால் செத்தவராகவும் இருக்கலாம்.

அண்ணாச்சி துப்பறியும் நாவல் எழுதுகிறவர். பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் கிளிப்பு மாட்டித் தொங்கிக்கொண்டிருக்குமே, அந்தப் பாக்கெட் நாவல் வகை. அட்டையில் 'எக்ஸ்ரே' என்று பெயர் போட்டிருக்கும். அதுவும் அவராக வைத்துக்கொண்டதல்ல, சென்னைப் பதிப்பாளர் வைத்தது. சொந்தப் பெயர் என்ன என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. நானும் அவரும் ஒரே லாரி புக்கிங் ஆபீஸில் எதிரெதிர் மேஜையில் வருஷக்கணக்காக உட்கார்ந்து கிளார்க் வேலை பார்த்தவர்கள். எனக்கே தெரியாது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சம்பள நாளில் கேஷியர்கூட, "கொலைகாரரே, வந்து கையெழுத்துப் போடும்" என்றுதான் கூப்பிடுவார்.

ஆள் எப்படி என்று கேட்டால், கொசு கடித்தால்கூட அடிக்க மாட்டார். "போ, போ" என்று கையை ஆட்டி அதனிடம் கெஞ்சிக்கொண்டிருப்பார். பகவதி மதினி, அதாவது அவர் மனைவி, கோழிக் குழம்பு வைப்பதென்றால் இவரை ஏதாவது சாக்குச் சொல்லிக் கடைத்தெருவுக்கு அனுப்பிவிட்டுத்தான் கோழியைப் பிடிப்பார்.

முதல் நாவலில் அண்ணாச்சி யாரையும் கேட்காமல்தான் கொன்றார். சைக்கிள் கடைக் கந்தவேல் என்று ஒருவரை எழுதி, இரண்டாவது பக்கத்திலேயே தீர்த்துக்கட்டினார். நம்மூரில் நிஜமாகவே ஒரு சைக்கிள் கடைக் கந்தவேல் இருந்தார். நாவல் கடைக்கு வந்த அன்று அவர் பல்பு மாட்டுவதற்காக ஸ்டூலில் ஏறி, விழுந்து, கையை ஒடித்துக்கொண்டார். அவர் வீட்டம்மா நேராக எங்கள் ஆபீஸ் வாசலுக்கு வந்துவிட்டார்.

"எம் புருசன் ஒமக்கு என்னய்யா பாவம் செஞ்சாரு? பங்ச்சர் ஒட்டித் தந்தது ஒரு குத்தமா? ஒரு வார்த்தை கேட்டுட்டுக் கொல்லக்கூடாதா?"

மற்றவர்கள் சிரித்தார்கள். அண்ணாச்சி சிரிக்கவில்லை. "தாயி, நீங்க சொல்லுதது நெசம். கேட்டிருக்கணும்" என்று கும்பிட்டார். அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்தத் தட்டு வைத்துச் சம்மதம் கேட்கிற வழக்கம்.

சாயந்தரம் குளித்து, திருநீறு பூசி, வெள்ளை வேட்டி கட்டிக்கொள்வார். எவர்சில்வர் தட்டில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், ஒரு பாக்கெட் கடலை மிட்டாய். பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருக்கிற தகப்பன் பத்திரிகை கொடுக்கக் கிளம்புகிற மாதிரி கிளம்புவார். துணைக்கு நான். போகிற வழியிலேயே கதை முழுவதையும் என்னிடம் சொல்லிவிடுவார்.

"வாங்க, வாங்க. என்ன விசேஷம்?" என்பார் வீட்டுக்காரர்.

"விசேஷம்லாம் ஒண்ணுமில்ல. வாற மாசம் ஒங்களக் கொல்லலாம்னு இருக்கேன். ஒங்களுக்குச் சம்மதம்னா..."

"யாரு கொல்லுதா?"

"ஒங்க பார்ட்னரு."

"எனக்குப் பார்ட்னர் கெடையாதே."

"கதையில உண்டும்."

வீட்டுக்காரர் தாடையைச் சொறிந்துகொண்டு யோசிப்பார். உள்ளேயிருந்து அம்மாள் குரல் வரும். "கொல்லச் சொல்லுங்க. எதுத்த வீட்டுக்காரவியளப் போன மாசம் கொன்னாவல்லா? நாம அவியளுக்கு என்ன கொறஞ்சு போயிட்டோம்?"

தட்டைக் கையில் வாங்கிக்கொண்டால் சம்மதம். அதற்குப் பிறகு பேரம். விஷம் வேண்டாம், வாயில் நுரை தள்ளினால் பார்க்க நன்றாக இருக்காது என்பார் ஒருவர். துப்பாக்கிதான் கௌரவம், ஆனால் பட்டுச் சட்டையில் ஓட்டை விழக்கூடாது என்பார் இன்னொருவர். ஒரு மளிகைக் கடைக்காரர் இரண்டு வருஷம் அண்ணாச்சியோடு பேசவே இல்லை. "எங்க சம்பந்திய மாடி பங்களாவுல வச்சுக் கொன்னீரு. எனக்கு மட்டும் மாட்டுக்கொட்டாயா?" என்பது அவர் வழக்கு. பிறகு அண்ணாச்சி அவரைக் கொடைக்கானலுக்குக் காரில் கூட்டிப்போய் மறுபடியும் கொன்ற பிறகுதான் சமாதானமானார்.

என்னை மட்டும் அவர் கொன்றதே இல்லை. எத்தனை வீட்டுக்குத் தட்டுக்குத் துணையாகப் போயிருப்பேன்! ஜாடைமாடையாகச் சொல்லியும் பார்த்தேன். "எனக்கும் வயசாயிட்டே போகுது அண்ணாச்சி" என்பேன். "இருக்கட்டும்லே, என்ன அவசரம்?" என்று பேச்சை மாற்றிவிடுவார். எனக்கு அது உள்ளுக்குள் உறுத்தல்தான்.

எந்தக் கொலையையும் சோதித்துப் பார்க்காமல் எழுத மாட்டார். ஒரு நாவலில் பிணத்தை மிளகாய் வத்தல் மூட்டைக்குள் வைத்து லாரியில் கடத்த வேண்டியிருந்தது. ஆள் உள்ளே கொள்ளுமா என்று தெரிய வேண்டுமே. மத்தியானம் ஆபீஸ் காலியாக இருந்த நேரம், பாதி வத்தல் கிடந்த ஒரு பெரிய சாக்குக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டு, லோடுமேனிடம் வாயைத் தைக்கச் சொன்னார். அந்த லோடுமேனும் அக்கறையாகத் தைத்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு வந்து பிரிக்கலாம் என்று போனார். அதற்குள் வேறு ஆட்கள் வந்து, கிடந்த மூட்டைகளை எல்லாம் நாகர்கோவில் லாரியில் ஏற்றிவிட்டார்கள்.

கயத்தாறில் டீ குடிக்க வண்டியை நிறுத்தின டிரைவர், எங்கள் ஆபீஸுக்குப் போன் போட்டார். நான்தான் எடுத்தேன். "சார், ஒங்க மூட்டை தும்முது!"

நான் போய்ப் பிரித்தபோது அண்ணாச்சியின் முகம் பழுத்த மிளகாய் நிறத்தில் இருந்தது. கண் திறக்க முடியவில்லை. டீக்கடைக்காரர் தலையோடு தண்ணீர் ஊற்றினார். மூச்சு வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "கொள்ளுதுலே! தாராளமாக் கொள்ளுது!"

இப்படிப்பட்டவர் மனதில் ஆசை என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். தன் கொலைகளில் ஒன்றாவது திரையில் விழ வேண்டும். புதுப் புத்தகம் வந்ததும் ஒரு பிரதியைப் பார்சல் கட்டி ஏதாவது ஒரு சினிமா கம்பெனிக்கு அனுப்புவார். மாலை ரயில் மணியாச்சிப் பக்கம் போகிற சத்தம் கேட்டால், "நம்ம பார்சல் இந்நேரம் பட்டணம் சேந்திருக்கும்" என்பார். அது எதிர்த்திசையில் போகிற ரயில் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

அவர் செய்த கொலைகளில் தலையாயது ரெங்கையாவின் கொலை. ரெங்கையா பசுவந்தனைப் பக்கத்துச் சம்சாரி, சொந்தக் காட்டில் மிளகாய் போடுகிற விவசாயி. வத்தல் மூட்டை புக்கிங் செய்ய ஆபீஸுக்கு வருவார். வீட்டில் தெலுங்கு, வெளியில் எங்கள் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். தட்டு போனபோது அவர் கறாராக நிபந்தனை போட்டார்.

"எம் பேரு அப்படியே இருக்கணும். எங் காட்லதான் நான் சாகணும். எவன் அரிவாளத் தூக்கிட்டு வந்தாலும் நான் கெஞ்சக்கூடாது. இதுக்குச் சம்மதம்னா தட்டக் குடும்வே."

அண்ணாச்சி சத்தியம் செய்து கொடுத்தார். அந்த நாவலின் பெயர் 'அடுத்த சித்திரை வரை'. சித்திரை வெயிலில் கரிசல் காடு பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. ரெங்கையாவை வெட்டினவன் அரிவாளை ஒரு வெடிப்புக்குள் போடுகிறான். அன்றே கோடை மழை பெய்கிறது. மண் உப்பி, வாயை மூடிக்கொள்கிறது. போலீஸ் கிணற்றை இறைக்கிறது, குளத்தைச் சலிக்கிறது, அரிவாள் மட்டும் கிடைக்கவில்லை. மறு சித்திரையில் மண் தானாக வாயைத் திறந்து அரிவாளைக் காட்டிக்கொடுக்கிறது. மற்ற ஊர் எழுத்தாளருக்கு இப்படி ஒரு கொலை தோன்றுமா? எங்கள் மண்ணில் மண்வெட்டியைத் தொலைத்து, மழை முடிந்து, வெயில் வரக் காத்திருந்தவனுக்குத்தான் தோன்றும்.

ரெங்கையா அந்தப் புத்தகத்தை வேட்டி மடியிலேயே வைத்திருந்தார். கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம், "இது நாந்தான். ரெண்டாம் அத்தியாயத்துல சாவேன்" என்று எடுத்துக் காட்டுவார்.

காலம் மாறியது. கிளிப்பில் நாவல் தொங்கின இடத்தில் சிப்ஸ் பாக்கெட் தொங்கியது. அண்ணாச்சியும் ஓய்வு பெற்றார், நானும் பெற்றேன். பதிப்பாளர் கடையை மூடிவிட்டார். அப்புறமும் அண்ணாச்சி எழுதுவதை நிறுத்தவில்லை, தட்டோடு போவதையும் நிறுத்தவில்லை. புத்தகம் வராது என்று தெரிந்தும் ஜனங்கள் தட்டை வாங்கிக்கொண்டார்கள். நம்மூர் ஜனங்கள் மேல் எனக்கு மரியாதை வந்தது அப்போதுதான்.

ஒரு நாள் சினிமா கம்பெனியிலிருந்து போன் வந்தது. "சார், உங்க கதை விஷயமா..." என்று ஒரு பெண் குரல். "எனக்கு லோனு வேண்டாம்மா" என்று வைத்துவிட்டார். திரும்பத் திரும்ப வந்தது, திரும்பத் திரும்ப வைத்தார். கடைசியில் மதினி போனைப் பிடுங்கி, "ஏட்டி, நீ யாரு? எதுக்கு எங்க வீட்டுக்காரவியள இந்தப் பாடு படுத்துத?" என்று கேட்டார். அதன் பிறகு மதினி போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. எடுத்தபோது கண்ணில் தண்ணீர். "இவியள... இவிய கதைய... படமா எடுக்கப் போறாவளாம்."

டைரக்டர் நேரில் வந்தார். சின்ன வயசுப் பெண், வெள்ளை வெளேர் என்று ஷூ போட்டிருந்தார். பழைய புத்தகக் கடையில் 'அடுத்த சித்திரை வரை' கிடைத்ததாம், ஒரே மூச்சில் படித்தாராம். ஓடிடியில் வருகிற படம். எல்லாம் நன்றாகத்தான் போனது. லேப்டாப்பைத் திறந்து, "சின்னச் சின்ன சேஞ்ச் இருக்கு சார்" என்றார். சம்பவம் நடப்பது கடற்கரைச் சாலை பங்களாவில். சாகிறவர் ரோஹித் என்கிற ஹோட்டல் முதலாளி. அரிவாளுக்குப் பதில் துப்பாக்கி. கரிசல் வெடிப்புக்குப் பதில் நீச்சல் குளம்.

அண்ணாச்சி மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். "நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா அந்த ரோஹித்து வீட்டுக்கு யாரு வெத்தலை பாக்கு வச்சது?"

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. நான் விளக்கினேன். விளக்கின பிறகு இன்னும் புரியவில்லை. "கம்பெனியில ஒத்துக்க மாட்டாங்க சார். யோசிச்சுச் சொல்லுங்க" என்று போய்விட்டார். மதினி அடுப்படிக்குப் போனார். அங்கே பாத்திரம் உருள்கிற சத்தத்தில் எதிர் வீட்டு நாய் எழுந்து போய்விட்டது.

எனக்கும் ஆத்திரம். "வாழ்நாள் பூராப் பார்சல் கட்டுனீங்களே, இதுக்காகத்தானே? ஒரு பேரு மாறுனா என்ன? ரெங்கையாகிட்டக் கேட்டாச் சரின்னுட்டுப் போறாரு" என்றேன். அவருக்கும் அது நியாயமாகப் பட்டது. தட்டை எடுத்துக்கொண்டு இருவரும் பசுவந்தனை பஸ் ஏறினோம். தான் கொன்ற ஆளிடமே போய், கொல்லாமல் விட அனுமதி கேட்கிற பயணம் உலகத்திலேயே இது ஒன்றாகத்தான் இருக்கும்.

ரெங்கையா கேட்டதும் எகிறினார். "ஏமய்யா! என்னக் கொல்லுதேன்னு சத்தியம் செஞ்சுட்டு, இப்ப எவனோ ரோஹித்தக் கொல்லுதேங்கீரு? எங் காட்டுக்கு என்ன கேடு? நான் சொந்தக்காரன்கிட்டல்லாம் சொல்லியாச்சுவே!" உள்ளே பார்த்து "நீள்ளு தே!" என்று கத்தித் தண்ணீர் வாங்கிக் குடித்தார். குடித்து முடித்துவிட்டு அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்தார். என்ன தெரிந்ததோ, குரல் இறங்கிவிட்டது.

"சரி விடும். ஒமக்கு இது எம்புட்டு ஆசைன்னு எனக்குத் தெரியாதா? படம் வரட்டும். நான் சாகாட்டா ஒண்ணும் கொறஞ்சு போயிற மாட்டேன்."

சொல்லிவிட்டு மடியிலிருந்து அந்தப் பழைய புத்தகத்தை எடுத்து, மாடத்தில் வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார். நாங்கள் இருந்த நேரம் வரை அதைத் திரும்ப எடுக்கவில்லை.

திரும்பி வந்து கோவில்பட்டியில் இறங்கினதும் அண்ணாச்சி நின்றார். "அந்தப் புள்ளைக்குப் போனப் போடுலே. கொன்னா ரெங்கையாவக் கொல்லுதேன். இல்லன்னா இந்தக் கொலையே வேண்டாம். அவ ஒரே ஒரு தடவ வந்து நெலத்த மட்டும் பாத்துட்டுப் போகட்டும்."

எனக்கு அழுகையும் வந்தது, அவரை நாலு அறை விட வேண்டும் போலவும் இருந்தது.

அந்தப் பெண் வந்தார். வந்தது ஐப்பசியில். வெடிப்பைப் பார்க்க ஐப்பசியில் வருகிற ஆளை நான் அன்றுதான் பார்த்தேன். மழை பெய்து, மண் குழைந்து, காடெல்லாம் உளுந்தும் பாசிப்பயறுமாகப் பச்சைப் பசேல் என்று கிடக்கிறது. கார் வண்டிப்பாதையிலேயே அமுங்கிவிட்டது. "எங்க சார் அந்த வெடிப்பு?" என்று இறங்கிக் காலை வைத்தார். அடுத்த அடி எடுக்கும்போது கால் வந்தது, ஷூ வரவில்லை. கையை விட்டுத் துழாவினோம். கரிசல் கவ்வினால் விடுமா? கிடைக்கவே இல்லை.

ரெங்கையா வரப்பில் நின்று சொன்னார். "வுடு தாயி. சித்திரைக்கு வா. தின்ன மண்ணே திருப்பிக் குடுக்கும்."

அந்தப் பெண் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, ஒற்றைக் காலில் நின்றபடி சேற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சியைத் திரும்பிப் பார்த்து, "சார், இதுதானே உங்க கதை?" என்றார். அண்ணாச்சி தலையை மட்டும் ஆட்டினார்.

அதன் பிறகு மார்கழி வரை ஒரு தகவலும் இல்லை. தை போனது, மாசி போனது. "வெறுங்காலோட போன புள்ள. கோவத்துல இருக்கும்" என்று மதினி முடிவு கட்டிவிட்டார். பங்குனி வெயிலில் மண் லேசாக வாய் பிளக்க ஆரம்பித்தபோது போன் வந்தது. கம்பெனியோடு அந்தப் பெண் மல்லுக்கட்டிச் சம்மதிக்க வைத்துவிட்டார். பங்களாவும் இல்லை, ரோஹித்தும் இல்லை.

சித்திரையில் வேன் வேனாக வந்து இறங்கினார்கள். ரெங்கையா டைரக்டரம்மாவை நேரே காட்டுக்குள் கூட்டிப்போய் ஒரு வெடிப்பைக் காட்டினார். உள்ளே அந்த ஷூ! யூனிட்டே கை தட்டியது. டைரக்டரம்மா அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். மண்தான் கொடுத்தது என்று ரெங்கையா இன்றுவரை சாதிக்கிறார். மார்கழியில் நான் ஒரு வேலையாகப் பசுவந்தனை போனபோது அந்த ஷூ அவர் வீட்டு ஓட்டின் மேல் காய்ந்துகொண்டிருந்ததை என் கண்ணால் பார்த்தேன். இதை நான் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. டைரக்டரம்மா இந்தப் பத்திரிகை வாங்குவதில்லை என்று நம்புகிறேன்.

படப்பிடிப்பில் ரெங்கையாவாக நடிக்க வந்தவர் அனுபவசாலி. அரிவாளைக் கண்டதும் முழங்காலில் விழுந்து, "என்னை விட்டுடுப்பா" என்று உருக்கமாகக் கதறினார். வரப்பிலிருந்து நிஜ ரெங்கையா ஓடி வந்துவிட்டார். "எந்திரிவே! நான் எப்பம்வே கெஞ்சுனேன்? அவனப் பாரும். நேராப் பாரும். எங் காட்டுக்குள்ள எவன்டா நீன்னு கேளும்!" அவர் நின்று காட்டினதைப் பார்த்துவிட்டு நடிகரே ஒதுங்கிக்கொண்டார். பிறகென்ன, ரெங்கையாவே நடித்தார். பிணமாகக் கிடக்கும்போது மட்டும் கொஞ்சம் சிரமம். "அந்த மாட்ட யாராச்சும் பத்துங்கலே, பருத்திமார மேயுது" என்று பிணம் இரண்டு தடவை கத்தியது.

ஓடிடி படம் தியேட்டருக்கு வராது. போனில் பார்க்க மதினிக்கு மனசில்லை. தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி, இரண்டு நாவல்களில் செத்தவர், கல்யாண மண்டபம் பிடித்து, சாயந்தரம் பெரிய வெள்ளைத் திரை கட்டிப் படம் போட ஏற்பாடு செய்தார். முன் வரிசை எல்லாம் அண்ணாச்சி கையால் இறந்தவர்களுக்கு. வாசலில் நின்று, "நீங்க செத்தவியளா, சும்மா வந்தவியளா?" என்று கேட்டு உட்கார வைத்தார்கள். சைக்கிள் கடைக் கந்தவேல் பொண்டாட்டியோடு முதல் ஆளாக வந்திருந்தார். நான் பின்னால் போய் உட்கார்ந்தேன்.

படம் ஆரம்பித்தது. வெடித்த கரிசல். அதன் மேல் எழுத்து வந்தது. 'கதை: ச. அறம்வளர்த்தநாதன்.'

மண்டபத்தில் ஒரு கைதட்டல் இல்லை. "யாருலே அது?" என்று ஒருவர் கேட்டார். "நம்ம அண்ணாச்சி கதைய எவனோ ஆட்டையப் போட்டுட்டான்!" என்று மளிகைக் கடைக்காரர் எழுந்தே விட்டார். அப்போது மதினி முன் வரிசையில் எழுந்து நின்றார். கூட்டத்தில் வாய் திறந்து நான் பார்த்திராதவர்.

"நம்ம இவியதான்! இவிய பேருதான் அது!"

எங்களுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. பிறகு எழுந்த சத்தத்தில் படத்தையே நிறுத்தி, முதலிலிருந்து போட வேண்டியதாயிற்று. அறம் வளர்த்தவரையா இத்தனை காலம் கொலைகாரர் என்று கூப்பிட்டோம்? அவர் தலையைக் குனிந்துகொண்டு துண்டால் முகத்தைத் துடைத்தபடியே இருந்தார். வத்தல் மூட்டையிலிருந்து வந்த அன்றுகூட அவருக்கு அத்தனை கண்ணீர் வரவில்லை.

ரெங்கையா சாகிற கட்டம் வந்தது. திரையில் அவர் தன் காட்டில், தன் பெயரோடு, யாரிடமும் கெஞ்சாமல் விழுந்தார். முன் வரிசையில் நிஜ ரெங்கையா பக்கத்தில் இருந்த அண்ணாச்சியின் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லாக் கொன்னீருவே" என்றாராம், அண்ணாச்சிதான் பிறகு என்னிடம் சொன்னார்.

போன வாரம் சாயந்தரம் அண்ணாச்சி குளித்து, திருநீறு பூசி, தட்டோடு என் வீட்டு வாசலில் நின்றார். தலையைச் சீவிக்கொண்டு வந்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். டைரக்டரம்மா அடுத்த கதை கேட்டிருக்கிறார். இந்தத் தடவை நான்தான்.

"என்னலே மாப்பிள்ளை மாதிரி உக்காந்திருக்க? எந்திரி. பேங்க் மேனேஜர் வீட்டுக்குப் போகணும், அவியளக் கொல்லணும். நல்ல கதை, நடந்துகிட்டே சொல்லுதேன்."

எனக்கு மனசே விட்டுப்போயிற்று. கேட்டேவிட்டேன். "ஊர்ல அத்தன பேரக் கொன்னீங்க. என்ன மட்டும் ஏன் அண்ணாச்சி விட்டுவச்சிருக்கீங்க? நான் என்ன செஞ்சேன்?"

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். இதில் கேட்க என்ன இருக்கிறது என்பது மாதிரி.

"கிறுக்கா! ஒன்னயக் கொன்னுட்டு நான் யாருகிட்டலே கதை சொல்லுதது?"

சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். அவரிடமிருந்து தட்டை வாங்கி, பேங்க் மேனேஜர் வீடு வரை நானே தூக்கிக்கொண்டு போனேன்.